மாத்திரையை இடிச்சுக் கொடுக்கிறீங்களா? தப்பு உங்க மேல இல்ல, எங்க மேல

நீளமான இழை. வீட்டில் சர்க்கரை, பிபி, வலிப்பு, இதயம், வீசிங் என்று எதற்காவது தினமும் மாத்திரை போடுகிறவர் ஒருத்தர் இருந்தாலும் முழுசா படிச்சிட்டுப் போங்க. கோபத்தில் எழுதுகிறேன். அதில் பாதிக் கோபம் என் மேலேயே.

போன மாதம் ஓபி-யில் ஒரு ஐயா. அறுபத்தைந்து வயசு இருக்கும். உட்கார்ந்ததும் சட்டைப்பையிலிருந்து சின்ன கவர் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே காய்ந்து, கொஞ்சம் சுருங்கி, ஆனால் மாத்திரை வடிவம் மாறாமல் வெள்ளையாக ஒன்று.

"என்னங்க ஐயா இது?"

"வெளிக்குப் போனப்ப முழுசா வந்துச்சு சார். மெடிக்கல்ல காசு குடுத்து வாங்குன சுகர் மாத்திரை. சாட்சிக்குக் கழுவி எடுத்து வச்சிருக்கேன். பிளாஸ்டிக் மாத்திரை சார் இது. பேரன் வாட்ஸ்அப்ல வீடியோ காட்டினான். அதோட நிறுத்திட்டேன், ரெண்டு வாரம் ஆச்சு."

வெறும் வயிற்றுச் சர்க்கரை 290.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் மாத்திரையைத் தண்ணீரில் போடுவார். அது கரையாது. உப்பும், ரப்பர் மாதிரி ஆகும். "பாருங்க மக்களே, வயித்துக்குள்ள பிளாஸ்டிக்" என்பார். அடுத்தவர் அதை லைட்டரால் கொளுத்திக் காட்டுவார். லட்சக்கணக்கில் பகிர்வு. அவர்களுக்கு வியூஸ், இந்த ஐயாவுக்கு 290.

ஐயா கொண்டுவந்தது பிளாஸ்டிக் இல்லைங்க. காலி டப்பா. சரக்கு ரத்தத்துக்குப் போய்விட்டது, டப்பா மட்டும் வெளியே வந்திருக்கிறது. மருத்துவ இதழ்களிலேயே இதற்குப் பெயர் 'கோஸ்ட் டேப்லெட்', பேய் மாத்திரை. மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர் மாத்திரையின் விவரக் குறிப்பிலேயே, மாத்திரை போன்ற மென்மையான ஒன்று மலத்தில் வரலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். ஐயாவுக்கு எப்படித் தெரியும்?

சரி, அந்த டப்பா எதனால் ஆனது? ஒரு சின்ன சோதனை சொல்றேன். வீட்டில் பாதாம் பிசின் இருந்தால் ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க. கல்லு மாதிரி இருந்தது காலையில் பல மடங்கு உப்பி, கொழகொழன்னு கண்ணாடி மாதிரி நிற்கும். கரைந்து காணாமல் போகாது. தண்ணீரை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கும். சப்ஜா விதையைச் சுற்றி வரும் வழவழப்பும் அதே ஜாதிதான். மதுரைக்காரங்க இதை ஜிகர்தண்டா டம்ளரில் தினமும் பார்க்கிறாங்க. விஞ்ஞானத்தில் இந்த வகைப் பொருளுக்குப் பெயர் ஹைட்ரோஜெல். தண்ணீர் குடித்து உப்பும், ஆனால் சட்டென்று கரையாது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போ அந்தப் பிசினுக்குள் மருந்தைக் கலந்து, அழுத்தி, மாத்திரையாகத் தட்டிவிட்டால்?

விழுங்கியதும் வயிற்றிலுள்ள தண்ணீர் மாத்திரையின் மேல்பக்கத்தை நனைக்கும். மேல் தோல் ஜெல்லாகும். அந்த ஜெல் ஒரு கதவு. தண்ணீர் அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும், மருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே கசியும். வெளி அடுக்கு தேயத் தேய உள்ளே புது ஜெல் உருவாகும். மணிக்கணக்கில் இது நடக்கும். எஸ்.ஆர், எக்ஸ்.ஆர் என்று போட்டிருக்கும் பல மாத்திரைகளின் ரகசியம் இவ்வளவுதான்.

இதற்கு அதிகம் பயன்படும் பொருளின் பெயர் ஹைட்ராக்ஸி புரோப்பில் மெத்தில் செல்லுலோஸ். பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க. மரக்கூழ், பஞ்சு ஆகியவற்றிலுள்ள செல்லுலோஸில் கொஞ்சம் வேதி வேலை செய்து எடுப்பது. கண் வறட்சிக்குப் போடும் சொட்டு மருந்து பலவற்றில் இருப்பதும் இதே பொருள்தான். கண்ணில் விட்டுக்கொள்ளும்போது யாரும் பிளாஸ்டிக் என்று வீடியோ போடவில்லை.

ஹைட்ரோஜெல் நேற்று வந்த மாயமும் இல்லை. 1960-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டெர்லே, டிராஹோஸ்லாவ் லிம் என்ற இரண்டு வேதியியலாளர்கள், உடம்புக்குள் வைக்க ஏற்ற ஜெல் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் விக்டெர்லே வீட்டுச் சமையலறையில், பிள்ளைகளின் விளையாட்டு மெக்கானிக் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து மெஷின் கட்டி, அந்த ஜெல்லில் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் செய்தார். இன்று உலகமே கண்ணில் போட்டுக்கொள்கிறது.

மெதுவாக வெளியே விடுவதால் என்ன லாபம்? மெட்ஃபார்மினையே எடுத்துக்குங்க. சாதாரண மாத்திரை போட்டால் ரத்தத்தில் உச்ச அளவு சுமார் இரண்டரை, மூன்று மணி நேரத்தில். எக்ஸ்.ஆர் போட்டால் நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் ஏழில். அதனால் பலருக்கு இரண்டு மூன்று வேளை என்பது ஒரு வேளையாகிறது. மெட்ஃபார்மின் ஆரம்பித்தால் வரும் வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு குறைகிறது. ராத்திரிச் சாப்பாட்டோடு போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு: வயிற்றில் சாப்பாடு இருந்தால் மாத்திரை மேலேயே கொஞ்சம் அதிக நேரம் தங்கும், சிறுகுடலின் மேல் பகுதியில் மருந்து நன்றாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்புக்குள் போகும் அளவே குறையும்.

ஐயாவிடம் இதையெல்லாம் ஜிகர்தண்டா வைத்துத்தான் விளக்கினேன். ஐந்து நிமிஷம் ஆச்சு. வெளியே வரிசையில் நூறு பேர். "இதை மொதல்லயே யாராவது சொல்லியிருக்கலாமே சார்" என்றார். பதில் இல்லை என்னிடம்.

(தண்ணீரில் மிதக்கும் மாத்திரையும் போலி இல்லைங்க. வயிற்றிலேயே மிதந்தபடி அதிக நேரம் தங்கணும் என்றே சிலதைச் செய்கிறார்கள். நம்ம ஊர் ரான்பாக்ஸி அப்படிச் செய்த, ஒரு நாளைக்கு ஒரு வேளை போடும் சிப்ரோஃப்ளாக்ஸாசினுக்கு 1999-ல் பேயர் கம்பெனி லைசென்ஸ் வாங்கியது. போலி மருந்துகள் நாட்டில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க லேப் வேணும், லைட்டர் உதவாது. சந்தேகம் என்றால் அட்டையோடும் பில்லோடும் மருந்து ஆய்வாளரிடம் போங்க.)

ஐயா விஷயம் மாத்திரையை நிறுத்திய கதை. இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த இழையே.

சில வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில் வேலை பார்த்தபோது, ஒரு பாட்டி. பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல், மூக்கு வழியாக டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். கஞ்சி, மருந்து எல்லாம் டியூப் வழியாகத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியது நான். பழைய சீட்டில் இருந்த மாத்திரைகளை அப்படியே கீழே எழுதி, 'டியூப் வழியாகத் தொடரவும்' என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தப் பட்டியலில் நிஃபெடிபின் ரிடார்ட் இருந்தது. மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல் இருந்தது. மெட்ஃபார்மின் எஸ்.ஆர் இருந்தது. மூன்றும் மெதுவாக வெளியாகும் மாத்திரைகள். முழு மாத்திரை டியூபுக்குள் எப்படிப் போகும் என்று அந்த வரியை எழுதும்போது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நான்காம் நாள் பாட்டி திரும்ப வந்தார். பிபி 70/40. நாடி 44. கூப்பிட்டால் முனகல் மட்டும்.

மறுபடி ஸ்ட்ரோக்கா, கிருமித் தொற்றா, சர்க்கரை குறைந்துவிட்டதா என்று ஓடிக்கொண்டிருந்தோம். மருமகளிடம் கேட்டேன், "மாத்திரை எல்லாம் எப்படிம்மா குடுத்தீங்க?"

"சொன்ன மாதிரியேதான் சார். மொத ரெண்டு நாள் ஒடைச்சுக் கரைச்சு ஊத்துனேன். கொழகொழன்னு ஆயி டியூபு அடைச்சுக்கிச்சு. அப்புறம் பூண்டு இடிக்கிற ஒரல்ல போட்டு மாவா இடிச்சு, துணியில சலிச்சு ஊத்துனேன் சார். இப்ப அடைக்கலை."

மாவாக இடித்து, சலித்து. தன் மாமியாருக்கு அதைவிட அக்கறையாக ஒருத்தி என்ன செய்ய முடியும்?

அந்தக் கொழகொழப்புதான் ஹைட்ரோஜெல். மாத்திரை அவருக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறது, "என்னை உடைக்காதே" என்று. படித்த எனக்கே தோன்றாதபோது அவருக்கு எப்படிப் புரியும்?

கற்கண்டையும் சீனியையும் யோசிச்சுப் பாருங்க. கற்கண்டுக் கட்டி வாயில் நெடுநேரம் நிற்கும். இடித்துப் போட்டால் நாக்கில் பட்டதும் போய்விடும். முழு மாத்திரையில் மேல் தோல் மட்டும்தான் தண்ணீரைத் தொடும். பொடியாக்கினால் ஒவ்வொரு துகளும் தொடும். கட்டிக் காக்க ஜெல் மதில் கிடையாது. ஒரு நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து கொஞ்ச நேரத்தில் மொத்தமாக இறங்கும். நாங்கள் இதை 'டோஸ் டம்பிங்' என்போம், லாரி மணல் கொட்டுவது மாதிரி. ரத்தக்குழாயை விரிக்கும் மருந்தும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்தும் ஒரே நேரத்தில் கொட்டினால் என்ன ஆகும்? 70/40.

சலைன், அட்ரோபின், கால்சியம், நார்அட்ரீனலின் என்று இரண்டு ராத்திரி ஐசியூ. பாட்டி பிழைத்துக்கொண்டார். எங்கள் சாமர்த்தியம் பாதி, அவர் அதிர்ஷ்டம் பாதி.

அன்றைக்கு ராத்திரி ட்யூட்டி ரூமில் உட்கார்ந்து தேடினேன். 2003-லேயே அமெரிக்காவில் ஒரு மருந்தியல் இதழில் வந்திருக்கிறது: மெதுவாக வெளியாகும் நிஃபெடிபினை இடித்து, லேபெடலால் என்ற இன்னொரு பிபி மருந்தோடு சேர்த்து மூக்கு டியூப் வழியாகக் கொடுத்ததில் ஒரு பெண் இறந்தே போயிருக்கிறார். கொடுத்தது மருத்துவமனையில், படித்த கைகள். ஆக இது படிக்காதவர்கள் செய்யும் தப்பு என்று யாரும் கிளம்பாதீங்க.

மருமகள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "எனக்குத் தெரியாமப் போச்சு சார்" என்று அழுதார். "தப்பு உங்களது இல்லம்மா, எழுதினது நான்தான்" என்று சொன்னேன். சொல்ல ஒரு நாள் ஆச்சு என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

இப்போ கோபத்துக்கு வருகிறேன்.

மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் குட்டியாக இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். எஸ்.ஆர், எக்ஸ்.ஆர், இ.ஆர், எக்ஸ்.எல், சி.ஆர், பி.ஆர், எம்.ஆர், எல்.ஏ. சிலதில் ரிடார்ட், சிலதில் க்ரோனோ. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்: மெதுவாக வெளியாகும், இடிக்காதே, மெல்லாதே. ஒரே விஷயத்துக்கு எதற்கு இத்தனை பெயர்? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிராண்ட் வேணும், அதற்குத்தான். இதற்கு நடுவில் எம்.டி என்று ஒன்று வரும். அது வாயிலேயே கரைகிற மாத்திரை, நேர்மாறு! இரண்டாம் வருட ஃபார்மகாலஜி படித்த எனக்கே சிலதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருக்கு. கண் மங்கிய எழுபது வயசுக்காரர் என்ன செய்வார்?

சரி, அந்த இரண்டு எழுத்தாவது கைக்கு வந்து சேருகிறதா? மெடிக்கலில் "நாலு நாளைக்குக் குடுங்க" என்றதும் அட்டையைக் கத்தரியால் வெட்டி நாலு மாத்திரை தருவார்கள். பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிடும். கையில் வருவது வெறும் வெள்ளி அட்டை. அதில் எஸ்.ஆரும் கிடையாது, எக்ஸ்பைரி தேதியும் கிடையாது.

2023 ஆகஸ்ட் 1 முதல் நாட்டில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டு வந்தது. நல்ல விஷயம், போலியைத் தடுக்க உதவும். ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, லைசென்ஸ் எண் வர வேண்டும் என்று விதி. எந்த லைசென்ஸில் தயாரானது என்று பாட்டிக்குச் சொல்ல விதி இருக்கிறது. இடிக்காதே என்று தமிழில் சொல்ல அந்தப் பட்டியலில் ஒரு வரி இல்லை.

இடம் இல்லை என்பார்கள். எழுத்து எதுக்குங்க, ஒரு உரல் படம் போட்டு மேலே குறுக்குக் கோடு போடுங்க. சட்டை காலரிலுள்ள துணுக்கில் இஸ்திரிப் பெட்டிக்குக் குறுக்குக் கோடு போட இடம் இருக்கிறது. 300 ரூபாய்ச் சட்டைக்கு இருக்கிற அக்கறை, உயிர் காக்கும் மாத்திரைக்கு இல்லையா?

கம்பெனிகளுக்கு முடியாது என்பதில்லை. அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை சந்தைக்கு வந்தது. மெதுவாக வெளியாகும் மாத்திரை. போதைக்கு அலைந்தவர்கள் அதை இடித்தார்கள், பன்னிரண்டு மணி நேரச் சரக்கு ஒரே இழுப்பில் கிடைத்தது. எத்தனையோ சாவுகள், வழக்குகளுக்குப் பிறகு 2010-ல் மாத்திரையையே மாற்றினார்கள். இடிக்கக் கடினம், தண்ணீர் பட்டால் ஊசியில் ஏறாத கெட்டி ஜெல்லாகும்படி. ஆக வேண்டிய கட்டாயம் வந்தால் மாத்திரையையே மாற்ற முடியும். படம் அச்சடிக்க முடியாதா?

எங்கள் ஆட்களையும் விடப் போவதில்லை. பெரிய மருத்துவமனைகளில் சூப்பர் ஸ்பெஷலிஸ்ட்கள் எழுதும் சீட்டிலும் 'இடிக்காமல் விழுங்கவும்' என்று நான் பார்த்தது அபூர்வம். நான் வெறும் எம்பிபிஎஸ், எனக்கு எதற்கு வாய் என்று சில சீனியர்கள் நினைக்கலாம். நினைச்சுக்குங்க சார். நாளைக்கு உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு வருபவர் 70/40-ல் என் டேபிளுக்குத்தான் வருகிறார்.

இதில் பத்திரிகைத் தலைப்புகள் வேறு. "இனி மாத்திரையே வேண்டாம், ஹைட்ரோஜெல் ஊசி வந்தாச்சு!" அதன் உண்மை இது: 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எரிக் ஆப்பெல் குழுவினர், சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் ஜிஎல்பி-1 வகை மருந்தை ஹைட்ரோஜெல்லில் வைத்து, ஒரே ஊசியில் 42 நாள் வேலை செய்ய வைத்தார்கள். எலிகளில். மனிதர்களுக்கு நாலு மாசத்துக்கு ஒரு ஊசி என்பது அதிலிருந்து போட்ட கணக்கு. நல்ல ஆராய்ச்சி, ஜெயிக்கட்டும். வேடிக்கை என்னவென்றால் அந்த ஜெல்லின் அடிப்படைப் பொருளும் நம்ம ஐயாவின் காலி டப்பாவில் இருந்த அதே செல்லுலோஸ் வகையறாதான். வரப்போகிற ஜெல்லுக்குத் தலைப்புச் செய்தி. ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும் ஜெல்லைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி கிடையாது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் மட்டும் 10.1 கோடிப் பேர் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொன்னது.

பிரசவ வார்டு பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வலி வரவழைக்க டைனோப்ரோஸ்டோன் என்ற மருந்தை உள்ளே வைப்போம். அதில் ஒரு வகை ஹைட்ரோஜெல் பட்டை. 10 மில்லிகிராம் மருந்து இருக்கும், மணிக்கு 0.3 மில்லிகிராம் வீதம் கசியும், 12 மணி நேரத்தில் எடுத்துவிடணும். அதோடு ஒரு நாடா தொங்கும். கர்ப்பப்பை அளவுக்கு மீறி இறுகினால், குழந்தையின் துடிப்பு இறங்கினால், நாடாவை இழுத்தால் போதும், மருந்து வெளியே. விழுங்கின மாத்திரைக்கு நாடா கிடையாதுங்க.

அதனால்தான் இன்னொரு விஷயம். வீட்டில் குழந்தை தாத்தாவின் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுவிட்டால், "ரெண்டு மணி நேரம் ஆச்சு, நல்லாத்தான் விளையாடுது" என்று வீட்டிலேயே இருக்காதீங்க. மெதுவாக வெளியாகும் மாத்திரை அதன் வேலையை மெதுவாகத்தான் காட்டும். பிபி மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ ராத்திரி தூக்கத்தில் குழந்தையை இழுத்துவிடும். உடனே ஆஸ்பத்திரி, கையில் அந்த அட்டையோடு. நாங்கள் ஒரு நாள் வைத்துப் பார்க்கணும் என்றால் சண்டை போடாதீங்க.

குடிக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ல் அமெரிக்காவில் பல்லாடோன் என்ற மெதுவாக வெளியாகும் வலி மருந்தை, சந்தைக்கு வந்த சில மாதங்களிலேயே திரும்ப எடுத்தார்கள். கடுமையான சாராயத்தோடு சேர்ந்தால் அதன் பூட்டு உடைந்து, ரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக ஆறு மடங்கு ஏறியது. எல்லா எஸ்.ஆர் மாத்திரையும் இப்படி ஆகாது. எது ஆகும், எது ஆகாது என்று குவார்ட்டரை வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டாம்.

"டாக்டர், எங்க டாக்டரே பாதி போடச் சொன்னாரே?" என்று கமென்டில் கேட்பீங்க. கேக்கணும். நடுவில் கோடு போட்ட சில எக்ஸ்.எல், எம்.ஆர் மாத்திரைகளைக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், அப்படியே செய்திருக்கிறார்கள். மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல் சிலது அப்படி. பாதியாக்குவது வேறு, பொடியாக்குவது வேறு. பாதியை மென்று தின்றாலும் பொடிதான். கோடு இல்லாததைக் கத்தியால் வெட்டாதீங்க. கோடு இருக்கிறதே என்று நீங்களாக உடைக்கவும் வேண்டாம், சொன்னவர் சொன்னதை மட்டும் செய்யுங்க.

விழுங்கச் சிரமம் என்றால் வாயைத் திறந்து சொல்லுங்க. வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான எஸ்.ஆர் மாத்திரைக்குப் பதிலாகச் சாதாரண மாத்திரை இருக்கிறது. ஒரு வேளைக்குப் பதில் இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் இடிக்கலாம். வலிப்பு மருந்து பலவற்றுக்கு சிரப் உண்டு. அதை மாற்றி எழுதுவது எங்கள் வேலை. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக மாற்றவும் வேண்டாம்.

பேய் மாத்திரை எப்போதாவது வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அடிக்கடி வருகிறது, கூடவே சர்க்கரையோ பிபியோ ஏறுகிறது, அல்லது நீண்ட நாள் வயிற்றுப்போக்கு இருக்கிறது, குடல் அறுவை ஆகியிருக்கிறது என்றால் சொல்லுங்க. மருந்து கசிய நேரமில்லாமல் மாத்திரை கீழே ஓடியிருக்கலாம்.

நம்ம ஊரில் இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிபி மாத்திரையைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள். அந்தக் கையில் ஒரு கேள்வியைக் கொடுத்தால் போதும்: "முழுசா முழுங்குறீங்களா, இடிச்சுக் குடுக்குறாங்களா?" டியூபோடு வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும், எந்த மாத்திரையை இடிக்கலாம், எதைக் கூடாது என்று ஒரு கட்டம் வேண்டும். அரசாணைக்குக் காத்திருக்காமல் நான் சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன். ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளையும் எழுத வைக்கிறேன். திட்டிக்கொண்டே எழுதுகிறார்கள்.

இன்றைக்கே செய்ய ஒரு வேலை. வீட்டிலுள்ள மாத்திரை டப்பாவைக் கொட்டுங்க. அட்டைகளைத் திருப்பி, பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்க. இருந்தால் அட்டையில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி 'இடிக்காதே' என்று எழுதுங்க. வெட்டித் தரும் மெடிக்கலில் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்க, இல்லை போனில் படம் எடுத்துக்குங்க. வீட்டில் டியூபோடு யாராவது இருந்தால் அடுத்த வேளை மாத்திரையை இடிக்கும் முன்னாடி, எழுதிக் கொடுத்த டாக்டருக்கோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய், "இதை இடிக்கலாமா?" என்று கேளுங்க. அவர் எரிச்சலாகப் பார்த்தால் மறுபடி கேளுங்க.

கமென்டில் அட்டையின் படம் போட்டுக் கேட்பவர்களுக்கு ட்யூட்டி முடிந்து ராத்திரி பதில் சொல்கிறேன். நோயாளி பெயர், சீட்டு எதுவும் படத்தில் தெரிய வேண்டாம்.